எட்டுப் பேர் அணியும் அதன் மேலே ஒரு மாகாணமும்

டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் ஒரு கூடம். வெள்ளிக்கிழமை மாலை. 14 வயதுப் பெண் ஒருத்தி ஏழு பிள்ளைகளை உட்காரவைத்து, மூன்று கழிகளைச் சேர்த்து முக்காலி கட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு பையனின் கழி நழுவி விழுகிறது. அவள் கயிற்றைத் தொடவில்லை. கழிகளுக்கு நடுவே குறுக்குச் சுற்று போடாததால்தான் நழுவுகிறது என்று மட்டும் சொல்கிறாள். சுவரோரம் நிற்கும் பெரியவர் வாயே திறக்கவில்லை.

குவாசூலு-நட்டால் மாகாணச் சாரணர் அமைப்பு முழுவதும் இந்தக் காட்சி நடப்பதற்காகத்தான் இருக்கிறது. அதன் உயிர் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணி. அதற்கு மேல் ஆள் கூடினால், ஒரு சிறுவனோ சிறுமியோ எல்லோர் கையையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பின்னால் ஒதுங்கி நிற்கும் பிள்ளை எதையும் கற்காமலே வீடு திரும்பும். சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே பிள்ளைகளை அணிகளாகப் பிரித்து, பொறுப்பை அணித் தலைவனிடம் கொடுத்தார். சிறுவர்களை நம்பலாம் என்று அவர் கண்டுகொண்டது இதே தென்னாப்பிரிக்காவில்தான். போயர் போரில் அவர் காத்து நின்ற மாஃபெகிங் நகரின் முற்றுகையின்போது செய்தி கொண்டுபோனவர்கள் சிறுவர்கள்.

சில அணிகள் சேர்ந்தால் ஒரு படை. அதோடு சின்னப் பிள்ளைகளின் குருளையர் கூட்டமும் சேர்ந்து ஒரு குழு. குழுக்களின் மேலே மாவட்டம், அதன் மேலே மாகாண அளவிலான மண்டலம், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணையர். சரி, மண்டலம் என்ன செய்கிறது? பிள்ளைகளுக்கு அது நேரடியாக எதையும் கற்றுத்தருவதில்லை. பிள்ளைகளோடு இருக்கப்போகும் பெரியவர்களைச் சோதித்து, பழக்கி, நியமிக்கிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான வேலையாகப் படுகிறது. சுவரோரம் பேசாமல் நிற்பதற்கும் பயிற்சி வேண்டும் அல்லவா! இவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டுச் சம்பளம் வாங்காமல் வருகிறவர்கள்.

பெரியவர்களுக்கான அந்தப் பயிற்சியை முடித்தவர் கழுத்தில் தோல்கயிற்றில் கோத்த இரண்டு மரமணிகள் தொங்கும். சூலு வீரர்கள் அணிந்த மாலையின் மணிகளை மாதிரியாக வைத்து 1919இல் இங்கிலாந்தில் தொடங்கிய வழக்கம் இது. உலகெங்கும் சாரணத் தலைவர்கள் அணிகிறார்கள். மூலம் நம் மாகாணத்து மண்.

ஆனால் இந்த அமைப்பு எப்போதும் இப்படி ஒன்றாக இருக்கவில்லை. வெள்ளையருக்கு ஒன்று, ஆப்பிரிக்கருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று என்று நான்கு சங்கங்கள் இருந்தன. நம் தாத்தாக்கள் இந்தியச் சாரணர்களாக மட்டுமே இருக்க முடிந்தது. 1977 ஜூலையில்தான் நான்கும் ஒன்றாயின. அப்புறம் 1999இல் பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள்.

இந்த இரண்டும் நடக்காமல் இருந்திருந்தால், அந்தக் கூடத்தில் அவள் அணித் தலைவியாக நின்றிருக்க மாட்டாள். பையன் இப்போது குறுக்கே இரண்டு சுற்று போட்டு இழுத்துக் கட்டுகிறான். அவள் முக்காலியை ஒருமுறை அழுத்திப் பார்க்கிறாள். நிற்கிறது.