ஃபார்மட் அடிப்பதற்கு முன் அரை மணி நேரம்

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் லேப்டாப்பை மஞ்சப்பையில் வைத்து எடுத்து வந்தார். "தம்பி, நான் எதையும் தொடல. பேரன் லீவுக்கு வந்தப்ப விண்டோஸ் பதினொண்ணு போடுறேன்னு உட்கார்ந்தான். இப்ப என்னமோ நம்பர் கேக்குது. ஏடிஎம் நம்பர், ஆதார் நம்பர் எல்லாம் போட்டுப் பாத்துட்டேன்" என்றார்.

ஆன் செய்தேன். நீலத் திரையில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெகவரி கீ கேட்டு நின்றது. அது 48 இலக்கம். நாலு பேர் ஆதாரைச் சேர்த்து எழுதினால் வருகிற நீளம்.

கடந்த சில ஆண்டுகளில் வாங்கிய லேப்டாப் பலவற்றில், டிஸ்க்கில் இருப்பதெல்லாம் பூட்டிய நிலையில்தான் இருக்கும். சாவி, மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியிடம் இருக்கும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது சத்தமில்லாமல் சாவியைக் கொடுத்துவிடுவதால், பூட்டு இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. பேரன் பார்த்த வீடியோ பழைய டெஸ்க்டாப்புக்கானது. பதினொன்றுக்கு டிபிஎம் வேண்டும் என்பதால், பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் ஓடும் மதர்போர்டின் செட்டிங்ஸ்) போய் அதை ஆன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் லேப்டாப்பில் அது ஏற்கெனவே ஆனில்தான் இருந்தது. பையன் அங்கே இருந்த 'கிளியர் டிபிஎம்'மை அழுத்தி, 'யெஸ்'ஸும் கொடுத்துவிட்டான். அத்தோடு சாவி போயிற்று.

மாற்றுச் சாவி ஒன்று உண்டு. முதன்முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு லேப்டாப்பைத் திறந்தார்களோ, அந்தக் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். "சார், மெயில் ஐடி எது?" என்றேன். "கடையிலயே ஏதோ போட்டு ரெடி பண்ணிக் கொடுத்துட்டாங்களே" என்றார். விற்ற கடைக்குப் போன் போட்டோம். அன்றைக்கு அவசரத்தில் ஒரு பையன் தன் சொந்த மொபைல் நம்பரை வைத்து ஒரு ஐடி உருவாக்கியிருக்கிறான். அவன் இப்போது வேலையில் இல்லை, அந்த நம்பரும் உபயோகத்தில் இல்லை.

உடைத்து எடுக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது. முடியும் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் செய்தது ஃபார்மட் மட்டும். பழைய மாணவர்களின் குரூப் போட்டோக்களை இரண்டு மாதம் உட்கார்ந்து ஸ்கேன் செய்து வைத்திருந்தார் சார். அசல் படங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்ததால் பிழைத்தார்.

பாளையங்கோட்டையில் சர்வீஸ் கடை வைத்து 18 வருடம் ஆகிறது. எக்ஸ்பியிலிருந்து ஏழு, ஏழிலிருந்து பத்து, இப்போது பதினொன்று என்று மூன்று பெரிய மாற்றங்களைப் பார்த்தாயிற்று. வருகிற எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, இந்த சிஸ்டம் பதினொண்ணு எடுக்குமா?" இதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் போதும். உள்ளே என்ன இருக்கிறது, அதன் காப்பி வேறு எங்கே இருக்கிறது, பாஸ்வேர்டெல்லாம் யாரிடம் என்று கேட்டு முடிக்கத்தான் அரை மணி ஆகிறது. அப்கிரேடால் பாழானது என்று என் மேஜைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை அந்த அரை மணியைத் தவிர்த்ததால் பாழானவை.

முதலில் பதற்றத்தைக் குறைத்துக்கொள்வோம். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. மறுநாள் காலை எந்த சிஸ்டமும் ஆன் ஆகாமல் போய்விடவில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் இலவசமாக வராது, அவ்வளவுதான். அதற்கும் 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்புத் திட்டம் அறிவித்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்யச் சம்மதித்தால் காசில்லாமலேயே அதில் சேரலாம். ஆனால் எப்போதும் பத்திலேயே இருந்துவிடவும் முடியாது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு நின்றபோது யாரும் அசரவில்லை. மூன்று வருடம் கழித்து 2023-இல் குரோம் தன் புதிய பதிப்புகளை ஏழில் ஓடவிடாமல் நிறுத்தியபோதுதான் கூட்டம் கடைக்கு வந்தது. பேங்க் சைட் சரியாகத் திறக்காவிட்டால்தான் நமக்குக் கம்ப்யூட்டர் பழசானது தெரியும்.

இந்தக் குழப்பத்தில் இன்னொரு கூட்டம் சம்பாதிக்கிறது. 'உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று திரை முழுக்க ஒரு எச்சரிக்கை வரும், கூடவே அலாரம் சத்தம். அது பிரவுசரில் திறந்த ஒரு பக்கம்தான். மூடிவிட்டால் போயிற்று. அழைத்தால், சிஸ்டத்தை அவர்கள் கைக்குக் கொடுக்கும் ஆப்பை இன்ஸ்டால் செய்யச் சொல்வார்கள், அப்புறம் பேங்க் கணக்கு காலி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

சரி, அந்த இரண்டு நிமிடப் பதில். இன்டெல் ப்ராசஸர் என்றால் அதன் எண்ணைப் பாருங்கள். ஐ5-7200யூ என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் உள்ள 7-தான் தலைமுறை. ஐ5-10400 என்றால் பத்தாம் தலைமுறை. எட்டாம் தலைமுறை முதல்தான் பதினொன்றுக்குத் தகுதி. அதற்கு முந்தியவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில விதிவிலக்குகள் தவிர எதுவும் தேறாது. ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதல். ரேம் 4 ஜிபி போதும் என்று அறிவிப்பில் இருக்கும். 4 ஜிபியில் பதினொன்றைப் போட்டு, குரோமில் நாலு டேப் திறந்து பார்த்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள். 8 ஜிபி இல்லாமல் நான் போட்டுக் கொடுப்பதில்லை.

ப்ராசஸர் தகுதியாக இருந்தும் 'உங்கள் பிசி தகுதி பெறவில்லை' என்று வருவது அசெம்பிள் செய்த சிஸ்டங்களில் சகஜம். டிபிஎம் உள்ளே இருக்கும், பயாஸில் ஆஃபில் கிடக்கும். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் போட்டிருப்பதால் பலருக்குக் கண்ணில் படுவதில்லை. இன்னொரு தடை, விண்டோஸை 'லெகசி' என்ற பழைய பயாஸ் முறையில் ஏற்றியிருப்பது. சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். லெகசி என்றிருந்தால் டிஸ்க்கின் பிரிவுகளை ஜிபிடி என்ற புதிய வடிவத்துக்கு மாற்றினால்தான், பதினொன்று கேட்கும் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்குப் போக முடியும். ஃபார்மட் அடிக்காமலே மாற்றும் கருவி விண்டோஸிலேயே உண்டு. ஆனாலும் பேக்கப் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள். 32 பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இருந்த இடத்திலேயே அப்கிரேட் கிடையாது, பதினொன்று 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. டாஸ் காலத்து பில்லிங் சாஃப்ட்வேரை இன்னும் கட்டிக்கொண்டு அழும் ஜவுளிக்கடை அண்ணாச்சிகள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அது 64 பிட்டில் ஓடாது.

தகுதியில்லாத சிஸ்டத்தில் குறுக்கு வழியில் பதினொன்றை ஏற்ற முடியும். பென்டிரைவ் தயாரிக்கும்போதே அந்தச் சோதனைகளை நீக்கிவிடலாம். இன்டர்நெட்டில் ஆயிரம் வீடியோ இருக்கிறது, கடைகளிலும் செய்து கொடுக்கிறார்கள். நான் தவிர்க்கிறேன். அப்டேட் வருவதற்கு உத்தரவாதம் கிடையாது. அடுத்த வருடப் பதிப்பு தானாக வராது, திரும்பவும் யாராவது வந்து ஏற்ற வேண்டும். மிகப் பழைய ப்ராசஸர்களில் பதினொன்றின் 24எச்2 பதிப்பு (2024-இல் வந்தது) பூட் கூட ஆகாது. சிஸ்டத்தைத் தானே பிரித்து மாட்டத் தெரிந்தவர் செய்துகொள்ளட்டும். மகன் வெளிநாட்டில், அப்பா அம்மா மட்டும் வீட்டில் என்றால் வேண்டாம்.

அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகள் 2011-க்குப் பிறகு இங்கே பல வீடுகளுக்கு வந்தன. அந்தக் காலத்து லேப்டாப்பைப் பதினொன்றுக்குக் கொண்டுபோகிற பேச்சே இல்லை. அவற்றில் எஸ்எஸ்டி மாட்டி, ரேமைக் கூட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுக்கிறேன். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. யூடியூப், மெயில், தமிழ்99-இல் தட்டச்சு எல்லாம் நடக்கும். டேலி, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், பழைய லேசர் பிரிண்டர் இவை இருக்கிற வீட்டில் மட்டும் லினக்ஸ் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால், இது ஓடவில்லை என்று வாரம் ஒரு போன் வரும்.

இப்போது பேக்கப். "எல்லாம் டி டிரைவ்லதான் இருக்கு, பயம் இல்ல" என்று சொல்லாத வாடிக்கையாளரே இல்லை. சி-யும் டி-யும் பெரும்பாலான வீடுகளில் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள். வீடு இடிந்தால் இரண்டு அறையும் சேர்ந்துதான் இடியும். தவிர, டி-யில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பது பாதிதான். டெஸ்க்டாப்பில் கிடப்பது, டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் எல்லாம் சி-யில்தான். வாட்ஸ்அப்பில் வந்த பத்திர நகலை எங்கே சேமித்தீர்கள் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

இதில் நானும் பட்டிருக்கிறேன். ஏழிலிருந்து பத்துக்கு மாற்றிய காலத்தில் ஒரு டெஸ்க்டாப். சிஸ்டம் ஸ்லோ என்பதுதான் புகார், பத்து போட்டால் சரியாகிவிடும் என்று நானே சொல்லி ஏற்ற ஆரம்பித்தேன். 60 சதவீதத்துக்கு மேல் நகரவில்லை. அரை மணி கழித்து டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று பல்லி கத்துவது போல ஒரு சத்தம். அந்த ஸ்லோவுக்குக் காரணமே டிஸ்க் சாகக் கிடந்ததுதான். பல ஜிபி எழுதச் சொன்னதும் மொத்தமாகப் படுத்துவிட்டது. அவர்கள் மகள் கல்யாண ஆல்பத்தின் சாஃப்ட் காப்பி அதில்தான் இருந்தது. போட்டோ ஸ்டூடியோக்காரர் வைத்திருந்த காப்பியை நான் அலைந்து வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து, முதலில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரை ஓட்டி டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பார்க்காமல் வேறெதையும் தொடுவதில்லை. 'காஷன்' என்று மஞ்சள் காட்டினால் விண்டோஸை மறந்துவிட்டு, முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள்.

டிடிபி வேலை செய்யும் வீடுகளில் இன்னொரு வம்பு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும். ஃபார்மட் அடித்தால் அதோடு போய்விடும். ஃபைல் பத்திரமாக இருக்கும், திறந்தால் கல்யாணப் பத்திரிகை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அழைப்பிதழ் வேலை செய்யும் ஒரு அக்கா, ஃபைலெல்லாம் வைரஸ் தின்றுவிட்டது என்று அழுதுகொண்டே வந்தார். அவருடைய பழைய பென்டிரைவ் ஒன்றில் அந்த எழுத்துரு இருந்தது, போட்டதும் சரியாகிவிட்டது. ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் காப்பி எடுங்கள்.

லைசென்ஸ் பற்றிச் சுருக்கமாக. ஒரிஜினல் பத்து இருந்தால், தகுதியான சிஸ்டத்தில் பதினொன்று இலவசம். இங்கே விற்கும் லேப்டாப்புகள் பலவற்றில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' பதிப்பின் லைசென்ஸ் சாவி பயாஸிலேயே இருக்கும். இடையில் யாரோ 'ப்ரோ' ஏற்றி, கிராக் போட்டு, காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினலை மறக்கடித்திருப்பார்கள். அதே ஹோம் பதிப்பைச் சுத்தமாக ஏற்றினால், நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். கிராக் சாஃப்ட்வேரோடு என்னென்ன உள்ளே வரும் என்பதற்குத் தனிக் கட்டுரை எழுத வேண்டும்.

ஏற்றும் நாளில் யுபிஎஸ் இருக்கட்டும், லேப்டாப் என்றால் சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். கரண்ட் கட் ஆகும் என்று செய்தித்தாளில் போட்ட நாளில் ஆரம்பிக்காதீர்கள். விண்டோஸ் மட்டுமே 5 ஜிபிக்கு மேல் இறங்கும், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி மொபைல் டேட்டாவில் முடியாது. பழைய சுழலும் டிஸ்க்கில் மூன்று, நான்கு மணி நேரம் கூட ஆகும். சதவீதம் நகரவில்லை என்று பவர் பட்டனை அழுத்தாதீர்கள். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. பதினொன்று பிடிக்கவில்லையா, பிரிண்டர் ஓடவில்லையா, ரெகவரி பகுதியில் போய் 10 நாளுக்குள் பத்துக்கே திரும்பலாம். அதுவரை 'விண்டோஸ் ஓல்டு' ஃபோல்டரை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள்.

பயாஸில் கை வைப்பதற்கு முன்னால் செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று தேடிப் பாருங்கள். ஆனில் இருந்தால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் டிவைசஸ் பகுதிக்குப் போய் அந்த 48 இலக்கத்தை எடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும். கணக்கே யாருடையது என்று தெரியாவிட்டால், சிஸ்டம் திறக்கிற நிலையில் இருக்கும்போதே ஃபைல்களை வெளியே எடுத்து, என்கிரிப்ஷனை ஆஃப் செய்துவிடுங்கள்.

தலைமை ஆசிரியருக்கு அவர் பெயரிலேயே, அவர் மொபைல் நம்பரிலேயே கணக்கு உருவாக்கிக் கொடுத்தேன். புதுச் சாவியைப் பிரிண்ட் எடுத்து நீட்டினேன். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "ஆறு ஆறா எட்டுத் தொகுதி" என்று எண்ணி, நாலாய் மடித்து, எல்ஐசி பாண்டு வைத்திருக்கும் ஃபைலுக்குள் செருகினார். அப்புறம், படங்களைத் திரும்ப ஸ்கேன் செய்யப் போவதாகவும் எக்ஸ்டர்னல் ஹார்டுடிஸ்க் எது வாங்கலாம் என்றும் கேட்டார். ரெண்டாக வாங்குங்கள் சார், ஒன்று மகள் வீட்டில் இருக்கட்டும் என்றேன்.