காகிதக் கதவு வெயிலை என்ன செய்கிறது?

பஜ்ஜி மடித்த காகிதத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் வெளிச்சம் பளிச்சென்று ஊடுருவும். ஊறாத இடம் மங்கலாகவே இருக்கும். ஜப்பானிய வீடுகளில் ‘ஷோஜி’ எனும் காகிதக் கதவின் அழகெல்லாம் அந்த ஊறாத இடத்தின் குணம்தான்.

ஷோஜியின் மரச்சட்டத்தில் ஒட்டுவது ‘வாஷி’ காகிதம். முசுக்கொட்டை இனத்தைச் சேர்ந்த ‘கோஸோ’ செடியின் பட்டையிலிருந்து எடுத்த நீளமான நார்கள் அதில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். இடுக்கெல்லாம் காற்று. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் நாருக்கு ஏறத்தாழ 1.5, காற்றுக்கு 1. அதனால் நாருக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒளி திசை மாறுகிறது. ஒரு தாளின் கனத்துக்குள்ளேயே இது பலமுறை நடக்கிறது. உள்ளே வந்து சேரும்போது, வெயில் எந்தப் பக்கமிருந்து வந்தது என்ற தடயமே அதில் இருக்காது. கதவு முழுவதுமே ஒரு விளக்காகிவிடுகிறது! கண் கூசாது, நிழல்களின் ஓரங்கள் மழுங்கிவிடும். காற்று இருந்த இடுக்குகளில் எண்ணெய் புகுந்தால் இந்த வித்தை நின்றுவிடும். எண்ணெயின் எண் நாரின் எண்ணுக்கு வெகு அருகில் இருப்பதால் ஒளி அதிகம் சிதறாது.

காகிதத்தை நம்பி ஒரு வீட்டைக் கட்ட முடிந்தது தச்சர்களின் திறமையால். கூரையின் பாரத்தைத் தூண்களும் உத்திரங்களும் சுமக்கின்றன. கதவின் தலையில் எதுவும் இல்லை. நீண்ட இறவாரம் மழையைத் தடுக்கிறது. கியோட்டோவில் கோடை உச்சியில் நண்பகல் சூரியன் சுமார் 78 டிகிரி உயரத்தில் நிற்கும். இறவாரமே அதை மறைத்துவிடும். குளிர்காலத்தில் 32 டிகிரிக்கும் கீழே இறங்கும்போது வெயில் நேராகக் காகிதத்தில் வந்து விழும். 17ஆம் நூற்றாண்டில் எழுந்த கியோட்டோவின் காட்சுரா மாளிகை இந்தக் கட்டுமானத்துக்குப் பேர்போனது.

1951இல் சிற்பி இசாமு நொகுச்சி கிஃபு நகரத்துக் காகித விளக்குகளைப் பார்த்துவிட்டு, மூங்கில் சிம்புகளில் வாஷி ஒட்டி ‘அகாரி’ விளக்குகளைச் செய்யத் தொடங்கினார். ஷோஜி வெயிலுக்குச் செய்ததை அவை மின்விளக்குக்குச் செய்தன. இன்று உலகெங்கும் வரவேற்பறைகளில் தொங்கும் உருண்டைக் காகித விளக்குகள் அந்த வழியில் வந்தவை. கட்டம் கட்டமான மரச்சட்டத்தை மட்டும் சுவரில் அறைந்து ‘ஜப்பானிய பாணி’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பின்னாலிருந்து வெளிச்சம் வராத ஷோஜி வெறும் சட்டம்தான்.

காகிதம் கிழிவது சகஜம். சிறு ஓட்டை என்றால், பூ வடிவில் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டிவிடுவார்கள். அந்த இடத்தில் மட்டும் தாள் இரட்டை. பகலில் உள்ளிருந்து பார்த்தால் அந்தப் பூ மட்டும் சற்றே கருத்துத் தெரியும்.