எலிக்கு வயரில் அப்படி என்ன ருசி?

"கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் எலி வயரைக் கடித்துவிட்டது. இப்போதெல்லாம் வயரின் மேலுறையை சோயாவில் செய்கிறார்களாமே, அந்த வாசனைக்குத்தான் எலி வருகிறதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இந்தக் கேள்வி எங்கிருந்தாவது வந்துவிடும். வளையில் தண்ணீர் புகுந்த எலிக்கு மேட்டில் ஓர் இடம் வேண்டும். பானட்டுக்குள் இருட்டு இருக்கிறது, இஞ்சின் சூடு ஆறச் சில மணி நேரம் ஆகும், பூனைக்கும் அவ்வளவு எளிதில் எட்டாது. வேறென்ன வேண்டும்?

முதலில் சோயாவைப் பார்த்துவிடுவோம். இந்தப் பேச்சு நம் ஊரில் பிறந்தது இல்லை. அமெரிக்காவில் 2016-ல் டொயோட்டா, ஹோண்டா போன்ற நிறுவனங்கள் மீது கார் உரிமையாளர்கள் வழக்கே போட்டார்கள். சோயா கலந்த உறையால்தான் எலி வருகிறது என்பது அவர்கள் வாதம். நிறுவனங்கள் அதை மறுத்தன. எலிகள் அதற்கு முன்பும் பல பத்தாண்டுகளாக பி.வி.சி. உறை போட்ட வயரையும், டெலிபோன் கேபிளையும், ஈயக் குழாயையும்கூடக் கடித்துக்கொண்டுதான் இருந்தன. ஈயத்தில் என்ன ருசி இருக்க முடியும்? எலி வயரைத் தின்பதில்லை, கடிக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை, எலியின் உடலமைப்பிலேயே வேறு வேறு. அதைப் புரிந்துகொண்டால் கடையில் விற்கும் எலி விரட்டிகளில் பாதிக்கு ஏன் காசு கொடுக்கக் கூடாது என்பதும் புரியும்.

எலியின் வாயில் முன்பக்கம் மேலே இரண்டு, கீழே இரண்டு வெட்டுப்பற்கள். கோரைப்பல் கிடையாது. அதற்குப் பின்னால் பெரிய வெற்றிடம், அப்புறம்தான் கடைவாய்ப்பற்கள். வெட்டுப்பற்கள் நம் பல்லைப் போல ஒருமுறை முளைத்து நின்றுவிடுவதில்லை. அடியில் இருக்கும் குருத்தணுக்கள் எலி சாகும்வரை புதுப் பல்லைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மேல்பல் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கீழ்ப்பல் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர். தேயாமல் விட்டால் கீழ்ப்பல் ஒரே வருடத்தில் பத்து சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். வெளியே தெரிவது நுனி மட்டும்தான். கீழ்ப்பல்லின் மீதி நீளம் தாடை எலும்புக்குள் வளைந்து, கடைவாய்ப்பற்களுக்கு அடியில் ஓடி, தாடை மூட்டுக்குப் பக்கம்வரை போகிறது.

இதோடு பள்ளிக்கூடப் பாடம் முடிந்துவிடும்: "பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் அதைத் தேய்க்க எலி எதையாவது கடித்துக்கொண்டே இருக்கிறது." பாதி உண்மை. மீதிப் பாதி இன்னும் சுவாரசியமானது. பல்லைத் தேய்க்க எலிக்கு உங்கள் காரின் வயர் தேவையே இல்லை, அது பல்லைப் பல்லாலேயே தீட்டிக்கொள்கிறது. மென்மையான தீனி மட்டும் தின்று வளரும் ஆய்வகத்து எலிக்கும், தாடை நேராக இருந்தால் பல் அளவோடுதான் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கீழ்ப்பல்லை மேல்பல்லின் முன்னும் பின்னும் உரசி நறநறவென்று அரைக்கும். எலி வளர்ப்பவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். அப்போது எலியின் கண்கள் முன்னும் பின்னுமாகத் துடிக்கும். தாடையை இழுக்கும் தசையில் ஒரு பகுதி கண்குழி வழியாக ஓடி, மண்டையோட்டின் முன்பக்கத் துளைக்குள் புகுந்து மூக்கருகே போய்ப் பிடித்துக்கொள்வதே காரணம். தசை சுருங்கும்போதெல்லாம் கண் தள்ளப்படுகிறது. இதை முதன்முறை பார்ப்பவர்கள் எலிக்கு ஏதோ வலிப்பு என்று பயந்துவிடுவார்கள்.

தீட்டினால் ஏன் கூராகிறது, மழுங்கவில்லை? நம் பல்லில் எனாமல் என்னும் கடினமான மேற்பூச்சு சுற்றிலும் இருக்கிறது. எலியின் வெட்டுப்பல்லில் முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் அதைவிட மென்மையான டென்டின். உரச உரச டென்டின் சீக்கிரம் தேயும், எனாமல் மெதுவாகத் தேயும், முன் விளிம்பு எப்போதும் ஒரு படி நீட்டிக்கொண்டு நிற்கும். ஆசாரியின் உளியில் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் நேராகவும் இருக்கிறதே, அதே வடிவம். ஆசாரி சாணைக்கல்லைத் தேடவேண்டும், எலி வாயிலேயே வைத்திருக்கிறது.

எலிப்பல்லின் முன்பக்கம் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் இருக்கும். அழுக்கு இல்லை, இரும்பு. இரும்புச்சத்துக் குறைந்த தீனியே கொடுத்துவந்தால் அந்த நிறம் வெளுத்துவிடும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2015-ல் ஒரு குழு, பீவர் என்னும் பெரிய கொறித்துண்ணியின் பல்லையும் எலிப் பற்களையும் அணு அளவில் பிரித்துப் பார்த்தது. எனாமல் என்பது மிக மெல்லிய படிகக் கம்பிகளின் கட்டு. இரும்பு அந்தக் கம்பிகளுக்குள் இல்லை, கம்பிகளை ஒட்டவைக்கும் இடைப்பொருளில் இருக்கிறது. மிகக் கொஞ்சம்தான், ஆனால் அதனாலேயே பல் கடினமாகவும், அமிலம் எளிதில் அரிக்க முடியாததாகவும் ஆகிறது. ஃப்ளூரைடு ஏற்றிய எனாமலைவிட இது அமிலத்தை நன்றாகத் தாங்கியதாம். நம் சொத்தைப்பல்லைத் தடுக்க ஒரு வழி இதில் ஒளிந்திருக்கலாம். "எலிப்பல்லை ஆராய எதற்கு வரிப்பணம்?" என்று கேட்பவர்கள் அடுத்தமுறை பல் டாக்டரிடம் வேர் சிகிச்சைக்குப் பணம் கட்டும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட பல்லுக்குச் செம்பு ஒரு பொருட்டே இல்லை. அதன் மேல் இருக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். எலியின் கீழ்த்தாடை முன்னும் பின்னும் நகரும். முன்னால் தள்ளினால் வெட்டுப்பற்கள் சந்திக்கும், கடைவாய்ப்பற்கள் விலகிவிடும். பின்னால் இழுத்தால் கடைவாய்ப்பற்கள் சந்திக்கும், வெட்டுப்பற்கள் ஒன்றையொன்று தொடாது. ஆகவே ஒரே நேரத்தில் கடிக்கவும் மெல்லவும் எலியால் முடியாது. இதோடு நின்றுவிடவில்லை. கடிக்கும் நேரத்தில் உதட்டின் ஓரங்களை வெட்டுப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் அந்த வெற்றிடத்துக்குள் இழுத்து மடக்கிக்கொள்ளும். வாய் பின்னால் மூடிக்கொள்கிறது, பல் மட்டும் வெளியே நின்று வேலை செய்கிறது. தூள், மண், பிளாஸ்டிக் துணுக்கு எல்லாம் வெளியிலேயே உதிர்ந்துவிடும். எலி கடித்த காரில் பேட்டரிக்குக் கீழே பொடிப்பொடியாகப் பிளாஸ்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தின்றிருந்தால் அது அங்கே கிடக்காது.

அப்படியானால் எதற்குத்தான் கடிக்கிறது? கைக்குப் பதிலாக எலிக்கு இருப்பது இந்தப் பல். வழியை அகலப்படுத்த, புதுப் பொருள் என்னவென்று சோதிக்க, கூடு கட்டப் பஞ்சு பிய்க்க, எல்லாவற்றுக்கும் பல்தான். பானட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சத்தம் தடுக்கும் பஞ்சு முதலில் காணாமல் போவது அதனால்தான். வயர் வழியில் இருக்கிறது, வாய்க்கு அடக்கமான தடிமனில் இருக்கிறது, மாட்டிக்கொள்கிறது. மிகத் தடித்த கேபிள் பெரும்பாலும் தப்பித்துவிடும். அதைச் சுற்றி வாயைப் பிளக்க முடியாவிட்டால் பல்லுக்குப் பிடி கிடைக்காது. பழைய அம்பாசடரில் கடிக்க இருந்ததே கொஞ்சம் வயர். இன்றைய காரிலோ சென்சாருக்குச் சென்சார் போகும் மெல்லிய வயர்கள் கட்டுக்கட்டாக ஓடுகின்றன. எலி மாறவில்லை, கார்தான் மாறியிருக்கிறது.

இப்போது விரட்டிகளுக்கு வருவோம். வாடகைக் கார் ஓட்டுநர்கள் பலர் புகையிலைக் கட்டைத் தொங்கவிடுகிறார்கள், சிலர் நாப்தலீன் உருண்டை போடுகிறார்கள், கடையில் ஸ்பிரே விற்கிறது. எல்லாமே வாசனையையும் ருசியையும் நம்பியவை. இஞ்சின் சூட்டில் வாசனை சில நாளில் பறந்துவிடும். நாப்தலீன் ஆவி ஏசி வழியாக உங்கள் மூக்குக்குத்தான் முதலில் வரும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும், அதனால் அதைக் காரில் போடவே போடாதீர்கள். டீசல் தெளிக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். சூடான இஞ்சின் மேல் டீசல் என்ற யோசனைக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

மிளகாய் கொஞ்சம் பரவாயில்லை. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசினை உணரும் நரம்பு ஏற்பியை 1997-ல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு கண்டுபிடித்தது, எலியின் நரம்பணுக்களிலிருந்து பிரித்த மரபணுவை வைத்துத்தான். 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, எலிக்கும் நம்மைப் போலவே எரியும் என்பதில் சந்தேகம் இல்லை. ஹோண்டா நிறுவனம் கேப்சைசின் பூசிய டேப்பையே விற்கிறது. ஆனால் உதட்டை மடக்கிக்கொண்டு கடிக்கும் பிராணிக்கு எரிச்சல் தெரிவதற்குள் மெல்லிய வயரின் உறை போயிருக்கலாம் என்பது என் கணிப்பு. ஏற்கெனவே கடிபட்ட இடத்தில் சுற்றுங்கள், அதை மட்டும் நம்பிக் கார் முழுவதையும் விட்டுவிடாதீர்கள்.

அல்ட்ராசவுண்ட் கருவி? நமக்குக் கேட்காத ஒலி எலிக்குக் கேட்கும், அது உண்மை. ஆனால் அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும், எதிரில் ஒரு தகடு இருந்தால் அதற்குப் பின்னால் போகாது. பானட்டுக்குள் தகடு இல்லாத இடம் எது? முதல் இரண்டு மூன்று நாள் எலி மிரளும், பிறகு பழகிவிடும். அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு ஆணையம் 2001-லேயே இத்தகைய கருவிகளைத் தயாரிப்பவர்கள், விற்பவர்கள் என அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் ஊரில் இன்னும் "நூறு சதவீதப் பலன்" என்று அட்டையில் போட்டு விற்கிறார்கள். அறிவியல் வார்த்தையைப் பூசிக்கொண்ட மூடநம்பிக்கைக்கும் தாயத்துக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தாயத்தின் விலை குறைவு, அவ்வளவுதான்.

தாயத்து என்றதும் ஒரு கிளைக்கதை. பிள்ளையாரின் வாகனம் என்று சொல்லி மூஞ்சூறை அடிக்கத் தயங்குவார்கள் சிலர். தயங்குவது நல்லது, காரணம் மட்டும் வேறு. மூஞ்சூறு எலியே இல்லை. பூச்சி தின்னும் வேறொரு குடும்பம். அதற்கு ஓயாமல் வளரும் உளிப்பல் கிடையாது, உங்கள் வயரைத் துண்டித்ததும் அது இல்லை. நீண்ட மூக்கும் வாடையுமாகச் சுவரோரம் ஓடினால் விட்டுவிடுங்கள், கரப்பான்பூச்சியாவது குறையும். அணிலோ நேர்மாறு. அழகாக இருந்தாலும் அதுவும் கொறித்துண்ணிதான், பகலில் அதுவும் வயரைக் கடிக்கும்.

எலிப்பசை, விஷ பிஸ்கட் வகையறாவைக் காருக்குள் வைப்பதில் இரண்டு சங்கடம். செத்த எலி ஏசி குழாய்க்குள் கிடந்து நாறும். மஞ்சள் பாஸ்பரஸ் பசையோ மனிதக் கல்லீரலைக் கெடுக்கும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது இருக்கவே கூடாது. பழைய எலிப்பொறி எவ்வளவோ மேல். எலிக்குப் புதுப் பொருளைக் கண்டால் சந்தேகம். மசால்வடையோ தேங்காய்ச் சில்லோ வைத்த பொறியைச் சில நாள் விசை இழுக்காமல் விடுங்கள், பயம் தெளிந்து தின்னத் தொடங்கியதும் விசையை மாட்டுங்கள்.

உருப்படியாக வேலை செய்வது வலைதான். ருசியும் வாசனையும் அதற்குப் பொருட்டில்லை, அளவு மட்டும்தான் கணக்கு. சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழையும் ஓட்டை போதும், பெரிய எலிக்கு அதைப் போல இரு மடங்கு. ஆகவே கண்ணி ஆறு மில்லிமீட்டருக்குள் இருக்கும் துருப்பிடிக்காத கம்பிவலையை வாங்கி, ஏசிக்குக் காற்று இழுக்கும் வாய், சக்கரத்தின் உட்பக்க இடைவெளி, அடித்தகட்டின் ஓட்டைகள் ஆகியவற்றை மெக்கானிக்கை வைத்து அடையுங்கள். பிளாஸ்டிக் வலை வேண்டாம், அது பல்லுக்குக் கூடுதல் வேலை மட்டுமே. ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்காமலும், சைலன்சர் குழாயிலும் பெல்ட்டிலும் படாமலும் இருக்கவேண்டும். வலை போட முடியாதவர்கள் குப்பைத்தொட்டி, செடிப்புதர் பக்கம் நிறுத்தாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை குறையும். காரை நாட்கணக்கில் அசையாமல் போடாதீர்கள். பூட்டிய ஷெட் என்றால் இரவில் பானட்டைத் திறந்து வைக்கலாம், இருட்டும் கதகதப்பும் போய்விடும்.

ஒன்று எனக்கு உறுத்தல்தான். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனத்தைத் தலைமையாக வைத்து 1970களிலேயே எலிக் கட்டுப்பாட்டு ஆய்வு தொடங்கிவிட்டது. வயலையும் தானியத்தையும் காப்பாற்ற அது அவசியம். அதே அக்கறையோடு அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில் எந்த வலை, எந்த டேப், எத்தனை நாள் தாங்குகிறது என்று யாராவது சோதித்துச் சொன்னால், ஆன்லைன் விளம்பரத்தை நம்பி மக்கள் காசைக் கரைக்க மாட்டார்கள். செலவும் பெரிதாக ஆகாது.

கடித்தாகிவிட்டது என்றால் வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டாதீர்கள். ஈரம் புகுந்து செம்பு பச்சை பிடிக்கும், ஓடும் வழியில் செக் இஞ்சின் விளக்கு எரியும். அறுந்த முனைகளை ஈயம் வைத்து ஒட்டி (சால்டரிங்), சூட்டில் சுருங்கும் உறை போடச் சொல்லுங்கள். ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடி வயரைச் சேர்க்கும்போது அந்த முறுக்கு மாறக்கூடாது, வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலை அதுதான் தடுக்கிறது. மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயரைத் தெருமுனை எலக்ட்ரீஷியன் தொடவே வேண்டாம். பெட்ரோல் ஹோஸையும் பார்க்கச் சொல்லுங்கள், ஷார்ட் சர்க்யூட்டும் பெட்ரோல் கசிவும் ஒரே இடத்தில் சேர்ந்தால் கார் போய்விடும்.

அப்புறம் சுத்தம். எலியின் மூத்திர வாடை அடுத்த எலிக்கு வழி காட்டும், கழுவாமல் விட்டால் பொறியில் ஒன்றைப் பிடித்தாலும் இன்னொன்று வரும். சில பட்டறைகளில் கம்ப்ரசர் காற்றை வைத்து எலிப்புழுக்கையை ஊதிவிடுகிறார்கள். அது வேண்டாம், எலிக்காய்ச்சல் கிருமி மூத்திரத்தில்தான் இருக்கிறது, கை வெட்டுக்காயம் வழியாகவும் கண் வழியாகவும் உடம்புக்குள் போகும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ரப்பர் கையுறை மாட்டி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்த துணியால் ஈரமாகவே துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். துடைத்த துணியை அவர்கள் இன்னொரு காருக்குப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.