பானெட்டில் கல் பட்ட புள்ளி: டச்-அப் போதுமா, பெயின்ட் அடிக்க வேண்டுமா?

நெடுஞ்சாலையில் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் போனாலே போதும். அடுத்த முறை காரைக் கழுவும்போது பானெட்டின் முன் விளிம்பில் நான்கைந்து வெள்ளைப் புள்ளிகள் கண்ணில் படும். தெரிந்தவர்களிடம் கேட்டால், "இதெல்லாம் ஒரு விஷயமா, விடுங்க" என்பார்கள். பட்டறையில் கேட்டால், "பானெட் முழுக்க அடிச்சிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்பார்கள். இரண்டு பதிலுமே புள்ளியின் தோற்றத்தைப் பார்த்துச் சொல்பவை. கல் எந்த அடுக்கு வரை இறங்கியது, அந்த இடத்தில் உடம்பு இரும்பா அலுமினியமா பிளாஸ்டிக்கா என்ற இரண்டு விஷயங்களை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சிறிய புள்ளி அவசரமானதாக இருக்கலாம். அசிங்கமாகத் தெரிகிற பெரிய புள்ளியை ஒரு வருடம் தள்ளிப் போட்டாலும் ஒன்றும் ஆகாமல் போகலாம்.

முதலில் அந்தக் கல் எப்படி வருகிறது என்று பார்ப்போம். முன்னால் போகிற வண்டியின் டயர் கல்லை நம் மேல் வீசி அடிக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வழுக்காமல் உருளும் சக்கரத்தில் அப்படி நடக்க வழியில்லை. டயரில் சாலையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் சாலையைப் பொறுத்தவரை அசையாமல் நிற்கிறது. அங்கிருந்து அது மேலே எழும்பி, போகப்போக வண்டி போகும் திசையிலேயே வேகம் பிடித்து, உச்சியில் வண்டியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னே போகிறது. ஒரு முழுச் சுற்றில் அந்த இடம் சாலையைப் பொறுத்துப் பின்னோக்கி நகர்வதே இல்லை. ஆகவே டயரின் பள்ளத்தில் சிக்கி விடுபடுகிற கல் மேலே கிளம்புகிறது, கொஞ்சம் முன்னோக்கியும் போகிறது. அந்தரத்தில் இருக்கும் அதன் மேல் நாம்தான் போய் மோதுகிறோம்.

இதனால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. மோதலின் வேகத்தில் பெரும்பங்கு நம்முடைய வேகம்தான். ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2 கிராம் கல்லில் 100 கி.மீ. வேகத்தில் மோதினால் சுமார் 0.77 ஜூல், 70 கி.மீ.க்குக் குறைத்தால் அது பாதியாகிவிடுகிறது. நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் எதிரே வரும் லாரி கிளப்பும் கல் நம்மை நோக்கியே வருகிறது என்பதால் அங்கே கணக்கு மோசமாகும். 0.77 ஜூல் பெரிய ஆற்றல் ஒன்றும் இல்லைதான். ஆனால் உடைத்த ஜல்லியின் ஒரு கூர்முனையில், ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் அது முழுவதும் இறங்குகிறது.

அந்த முனை எதன் மேல் இறங்குகிறது? காரின் பெயின்ட் மொத்தமாகவே சுமார் 100 முதல் 130 மைக்ரான் தடிமன்தான். நாம் எழுதுகிற ஏ4 தாள் ஒன்றின் தடிமன் அது. அதற்குள் நான்கு அடுக்குகள் இருக்கின்றன.

தொழிற்சாலையில் காரின் வெற்று உடம்பை முதலில் பாஸ்பேட் கரைசலில் நனைக்கிறார்கள். இரும்பின் மேல் மிக நுண்ணிய படிகங்கள் வளர்ந்து, பெயின்ட் பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பான தளம் கிடைக்கிறது. பிறகு எபாக்சி என்ற பிசின் கலந்த ஒரு பெரிய தொட்டியில் உடம்பை முழுசாக முக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். எங்கெல்லாம் உலோகம் வெளியே தெரிகிறதோ அங்கெல்லாம் எபாக்சித் துகள்கள் தேடிப்போய்ப் படிகின்றன. கை நுழையாத மூலைகளில்கூட. சுமார் 20 மைக்ரான் வரும் இந்த அடுக்குக்குப் பெயர் இ-கோட். 160 டிகிரிக்கு மேல் அடுப்பில் சுட்டு இறுக்குவார்கள். இன்றைய கார்கள் அந்தக் காலக் கார்கள்போல் நான்கைந்து வருடத்தில் ஓட்டை விழாமல் இருப்பதற்கு இதுவும் துத்தநாகம் பூசிய தகடும்தான் முக்கியக் காரணங்கள். இதன் மேல் 30, 40 மைக்ரானுக்குப் பிரைமர். அதன் மேல் நிறத்தைத் தருகிற பேஸ் கோட், 15 மைக்ரான் அளவில். கடைசியாகப் பளபளப்பையும் வெயில் தாங்கும் சக்தியையும் தருகிற கிளியர் கோட், 40 மைக்ரான் போல. நாம் "கலர்" என்று பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் மெல்லிய பெயின்ட் அடுக்கு. துருவுக்கு எதிராக அதன் பங்கு மிகக் குறைவு.

கல் படும்போது கிளியர் கோட் ஒரு புள்ளியில் அழுந்துகிறது. அழுத்த அலை கீழே போய்த் தகட்டில் பட்டுத் திரும்புகிறது. அடுக்குகள் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவுக்கு வளைந்து கொடுப்பதால் அவற்றின் இடையே இழுபறி உண்டாகி, ஒட்டு எங்கே பலவீனமோ அங்கே பிரிகிறது. கல் பட்ட இடத்தைவிடப் பெயர்ந்த சில்லு அகலமாக இருப்பது இதனால்தான். பிரைமரைக் கொஞ்சம் மென்மையாக, மீள்தன்மையோடு செய்வதற்கும் இதுவே காரணம். அதிர்ச்சியை அது உள்வாங்கிக்கொள்ள வேண்டும். உடைந்தே தீர வேண்டுமென்றால் உடைப்பு பிரைமரோடு நின்று, இ-கோட் தப்ப வேண்டும். பெயின்ட் தயாரிப்பவர்கள் இதைச் சோதிக்க ஒரு கருவியே வைத்திருக்கிறார்கள். காற்றழுத்தத்தால் கூழாங்கல்லையோ இரும்புக் குருணையையோ பெயின்ட் அடித்த தகட்டின் மேல் பீச்சி, எத்தனை சில்லுகள் பெயர்ந்தன, எந்த அடுக்கில் பிரிந்தன என்று பார்ப்பார்கள். குளிரில் பெயின்ட் விறைத்து எளிதாக உடையும் என்பதால் உறைநிலைக்குக் கீழேயும் சோதிப்பதுண்டு. நம் ஊர் வெயிலில் அந்த ஒரு தொல்லை இல்லை.

நமக்கு இருக்கிற தொல்லை ஈரமும் உப்பும். இரும்பு துருப்பிடிக்க மழை பெய்ய வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துருப்பிடிக்கும் வேகம் கூடத் தொடங்கும். உப்புத் தூசி படிந்திருந்தால், 75 சதவீத ஈரப்பதத்திலேயே அது காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஆண்டின் பல இரவுகளில் இது சாதாரணம். கடற்காற்றுக்கு என்ன பலம் என்பதற்குப் பழைய பாம்பன் ரயில் பாலமே சாட்சி. 1914-இல் திறந்த அந்தப் பாலத்தில் அரிமானத்தால் 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்த வேண்டியதாயிற்று.

இரும்பு வெளியே தெரிகிற ஒரு புள்ளியில் என்ன நடக்கிறது என்றால், நடுவில் இரும்பு கரைகிறது. பெயின்ட்டின் விளிம்பு ஓரமாக, காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரோடு சேர்ந்து காரத்தன்மையை உண்டாக்குகிறது. அந்தக் காரம் பெயின்ட்டுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள ஒட்டைத் தின்கிறது. விளிம்பு தூக்கிக்கொள்ள, ஈரம் இன்னும் உள்ளே போகிறது. துரு, அது உண்டான இரும்பைவிட அதிக இடம் அடைப்பதால் பெயின்ட்டை அடியிலிருந்து நெம்புகிறது. வெளியே ஒரு மில்லிமீட்டர் புள்ளி தெரியும்போது, உள்ளே அதைப்போல் பல மடங்கு அகலத்துக்குக் கொப்புளம் ஓடியிருக்கக் காரணம் இதுதான்.

துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் கதை வேறு. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் கரையக்கூடியது. அதனால் பக்கத்தில் திறந்து கிடக்கும் இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காப்பாற்றுகிறது. சிறிய புள்ளி என்றால் மாதக் கணக்கில்கூடத் தாங்கும். ஆனால் விலை குறைந்த கார்களில் எல்லாத் தகடும் துத்தநாகம் பூசியதாக இருக்காது, அதனால் இதை நம்பி விட்டுவிடக் கூடாது. சில விலை உயர்ந்த கார்களின் பானெட் அலுமினியம். அதில் செந்துரு வராது, ஆனால் உப்பு பட்டால் பெயின்ட்டுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் வெண்மையான கோடுகள் ஓடும். பம்பரோ பிளாஸ்டிக். அங்கே எத்தனை ஆழமாகப் பெயர்ந்தாலும் அது அழகுப் பிரச்சினை மட்டும்தான்.

சரி, எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புள்ளியை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈரத்தில் தடம் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது கிளியர் கோட்டோடு நின்ற காயம். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுப் பாலிஷ் செய்தால் பெரும்பாலும் மங்கிவிடும். ஈரத்திலும் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிந்தால், அது பிரைமராகவோ இ-கோட்டாகவோ இருக்கும். துரு வரும் அவசரம் இல்லை, ஆனால் அடைத்துவிடுவது நல்லது. பழுப்பாக இருந்தால் ஏற்கெனவே துரு. உலோகம் பளபளத்தால் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அருகில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, இந்த வாரமே கவனிக்க வேண்டும். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் இதெல்லாம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இடமும் முக்கியம். பானெட்டின் முன் விளிம்பில் தகட்டை உட்பக்கமாக மடித்திருப்பார்கள், அந்த மடிப்பில் ஈரம் தங்கும். முன் கண்ணாடிக்கு மேலே கூரையின் விளிம்பை யாரும் பார்ப்பதே இல்லை, அங்கே துரு தொடங்கினால் கண்ணாடியின் ஒட்டுக்கு அடியில் ஓடிப் பெரிய வேலையாகிவிடும். இந்த இரண்டு இடங்களையும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்கச் சொல்வேன்.

புள்ளிகள் தனித்தனியாக, விரல் விட்டு எண்ணுகிற அளவில் இருந்தால் என் முடிவு எப்போதும் டச்-அப்தான், அதாவது அந்தக் குழியில் மட்டும் பெயின்ட் வைத்து அடைப்பது. காரின் நிறக் குறியீடு கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். அதைக் காட்டி டச்-அப் பெயின்ட் வாங்கலாம். வேலையின் உயிர் சுத்தம் செய்வதில் இருக்கிறது. மெழுகும் எண்ணெய்ப் பசையும் போக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, தூக்கிக்கொண்டிருக்கும் விளிம்புச் சில்லுகளை நீக்க வேண்டும். துரு இருந்தால் உப்புத்தாளைச் சின்னதாகச் சுருட்டி, நல்ல பெயின்ட்டைத் தொடாமல் சுரண்ட வேண்டும். குழிக்குள் மிஞ்சுகிற துருவுக்குத் துரு மாற்றி திரவம் கிடைக்கிறது. அதிலுள்ள டானிக் அமிலம், அதாவது கடுக்காயில் இருக்கிற துவர்ப்புப் பொருளின் இனம், துருவோடு சேர்ந்து கருநீல நிறத்தில் கரையாத பொருளாகிவிடும். அப்புறம் இரும்பின் மேல் ஒரு துளி எபாக்சி பிரைமர். அது காய்ந்த பிறகு பல் குச்சி முனையாலோ மிக மெல்லிய பிரஷ்ஷாலோ நிறத்தைக் குழிக்குள் மட்டும் விட வேண்டும்.

ஒரே துளியில் குழியை நிரப்பப் பார்ப்பதுதான் பலர் செய்வது. டச்-அப் பெயின்ட்டில் பெரும்பகுதி கரைப்பான். அது ஆவியானதும், மேடாக நின்ற துளி பள்ளமாகிவிடும். தடிமனாக விட்டால் மேல்தோல் முதலில் இறுகிக் கரைப்பான் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மெல்லிய இரண்டு மூன்று தடவைகள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது, கடைசியில் கிளியர் கோட். வெயிலில் சுடும் பானெட்டில் செய்யக் கூடாது. அடைமழை நாளிலும் கூடாது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்மை பூத்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் மெட்டாலிக் நிறங்களில் புள்ளி கொஞ்சம் தெரியத்தான் செய்யும். அது கை வேலையின் குறை அல்ல. அந்த நிறங்களுக்குள் நுண்ணிய அலுமினியச் செதில்கள் இருக்கின்றன. துப்பாக்கியால் தெளிக்கும்போது அவை பெயின்ட் காயக் காயப் பரப்புக்கு இணையாகப் படுத்துக்கொண்டு, ஒரே மாதிரி ஒளியைத் திருப்புகின்றன. பிரஷ்ஷில் வைத்த துளியில் அவை கண்டபடி நிற்கின்றன. அதனால் ஒரு கோணத்தில் பொருந்தும் நிறம் இன்னொரு கோணத்தில் கருமையாகத் தெரிகிறது. வெள்ளை, சிவப்பு போன்ற சாதாரண நிறங்களில் இந்தச் சிக்கல் கிடையாது.

முழு பானெட்டையும் அடிப்பது எப்போது சரி? இரும்பு தெரிகிற புள்ளிகள் கூட்டமாக விழுந்திருந்தால், துரு பெயின்ட்டுக்கு அடியில் ஓடிக் கொப்புளமாகியிருந்தால், தகடும் ஒடுங்கியிருந்தால். மற்றபடி "புதுசு மாதிரி" என்ற ஆசைக்காக அடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். தொழிற்சாலையில் கிளியர் கோட்டை 140 டிகிரி அளவில் சுடுகிறார்கள். முழுக் காரில் வயர், பிளாஸ்டிக், பேட்டரி எல்லாம் இருப்பதால் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் அறையான பூத்தில் 60 டிகிரிபோலத்தான் சூடாக்க முடியும். இறுகும் வேலையைப் பெயின்ட்டில் கலக்கும் ஹார்ட்னர் செய்கிறது. நல்ல பெயின்டர் கையில் அது தரமாகவே வரும், ஆனால் அது அவருடைய பொறுமையையும் பூத்தின் சுத்தத்தையும் நம்பிய தரம். அவசரத்தில் இ-கோட்டையும் தேய்த்து எடுத்துவிட்டால், அதே மாதிரி இன்னொரு அடுக்கை எந்தப் பட்டறையாலும் திருப்பித் தர முடியாது. மெட்டாலிக் நிறமென்றால் பொருத்தம் தெரியாமலிருக்கப் பக்கத்து ஃபெண்டர்களிலும் நிறத்தைக் கலந்து இறக்க வேண்டியிருக்கும். ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது என்பதால் அந்த ஸ்பிரேயை வீட்டு வாசலில் வைத்து அடிக்கவே கூடாது.

இன்சூரன்ஸில் கேட்கலாமே என்பார்கள். 1500 சிசிக்கு உட்பட்ட காருக்கு ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். அதைவிடப் பெரிய இழப்பு நோ கிளெய்ம் போனஸ். 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை ஏறுகிற தள்ளுபடி ஒரு சின்னக் கோரிக்கையில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். நான்கு புள்ளிகளுக்கு அது கட்டுபடியாகாது.

தடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நிறையப் பணம் வீணாகிறது. செராமிக் கோட்டிங் சில மைக்ரான் தடிமன்தான். தண்ணீர் உருண்டு ஓடவும் அழுக்கு ஒட்டாமலிருக்கவும் அது உதவும். கல்லை அது தடுக்காது. கல்லைத் தாங்குவது பிபிஎஃப் எனும் பாலியூரித்தேன் படலம். பெயின்ட் மொத்தத்தையும்விடத் தடிமனானது, 150 முதல் 200 மைக்ரான். ரப்பர்போல் இழுபட்டு மோதலை அகலமாகப் பரப்பிவிடுகிறது. ஹெலிகாப்டர்களின் சுழல் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் காப்பதற்காக வந்த தொழில்நுட்பம் இது. கார் முழுக்க ஒட்டினால் விலை அதிகம், அவசியமும் இல்லை. பானெட்டின் முன்பாதி, கண்ணாடிக்கு மேலுள்ள கூரை விளிம்பு, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள வளைவு ஆகியவை போதும். புதிதாகப் பெயின்ட் அடித்த பானெட்டாக இருந்தால் கரைப்பான் முழுவதும் வெளியேறச் சில வாரங்கள் விட்டு ஒட்டச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் மூடினால் படலத்துக்கு அடியில் கொப்புளம் கட்டும், உரிக்கும்போது புதுப் பெயின்ட்டும் கூடவே வந்துவிடும்.