சாக்கெட்டுக்கு முன்னால் ஒரு பஃபர், பின்னால் ஒரு பஃபர்

வலையில் பேசிக்கொள்ளும் இரண்டு நிரல்கள். ஒன்று கேள்வியை எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. மற்றது கேள்வி வரட்டும் என்று காத்திருக்கிறது. இணைப்பு அறுபடவில்லை, பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டும் விடிய விடிய அப்படியே நிற்கும். கேள்வி வழியில் தொலையவில்லை. எழுதிய நிரலின் நினைவகத்தை விட்டு அது வெளியே கிளம்பவே இல்லை.

எழுதும் ஒவ்வொரு துணுக்குக்கும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை அழைப்பது செலவு பிடித்த வேலை. அதனால் நிரல்மொழியின் நூலகம் எழுதுவதை எல்லாம் 'பஃபர்' என்ற தற்காலிக இடத்தில் தன்னிடமே சேர்த்துவைக்கிறது. ஜாவாவில் வெளியீட்டு பஃபரின் வழக்கமான அளவு 8192 பைட். கோ மொழியின் பஃபர் நூலகத்தில் 4096. இடம் நிரம்பினாலோ, 'ஃபிளஷ்' என்று நாம் கட்டளையிட்டாலோதான் சரக்கு நகரும். இருபது பைட் கேள்விக்கு 8192 எப்போது நிரம்புவது? சி மொழி இதில் இன்னும் குழப்பும். திரையில் எழுதும்போது அதன் நூலகம் வரிக்கு வரி வெளியே தள்ளிவிடும். அதே நிரலின் வெளியீட்டை வலை இணைப்பின் வாயிலான சாக்கெட்டுக்குத் திருப்பினால் பஃபர் நிரம்பும்வரை வாய் திறக்காது. திரையில் சோதித்துப் பார்த்து நிம்மதி அடைந்தவர் ஏமாறும் இடம் இது.

ஃபிளஷ் செய்தாலும் பைட்டுகள் போய்ச் சேருவது அடுத்த பஃபருக்குத்தான். அது கெர்னலுடையது. 'அனுப்பியாயிற்று' என்று சாக்கெட் சொன்னால், கெர்னல் நகலெடுத்துக்கொண்டது என்று மட்டுமே பொருள். எதிர்முனைக்குச் சென்றதா, அங்குள்ள நிரல் படித்ததா என்பது தெரியாது. எதிர்முனை படிக்காமல் இருந்தால் அதன் கெர்னல் பஃபர் நிறையும். பைட்டுகளை வலையில் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபி அனுப்புவதை நிறுத்தும். நம் கெர்னலின் பஃபரும் நிறையும். கடைசியில் நம் நிரலே எழுத முடியாமல் நிற்கும். இருவரும் பெரிய செய்தியை எழுதிக்கொண்டே, ஒருவரும் படிக்காமல் இருந்தால் எத்தனை ஃபிளஷ் போட்டாலும் பயனில்லை.

அதற்காக ஒவ்வொரு துணுக்குக்கும் ஃபிளஷ் போடுவதும் சரியல்ல. ஒரு பைட் செய்திக்கு, முகவரி நெறிமுறையான ஐபியின் தலைப்பு 20, டிசிபி தலைப்பு 20 என்று 40 பைட் சுமை ஏறும். இதைக் கட்டுப்படுத்தத்தான் 1984இல் ஜான் நேகிள் ஒரு விதியை முன்வைத்தார்: முன்பு அனுப்பியதற்கு ஒப்புதல் வராதவரை, சிறு துணுக்குகளைக் கெர்னல் தடுத்துவைக்கட்டும். நல்ல யோசனைதான். ஆனால் எதிர்முனைக் கெர்னல் ஒப்புதலைச் சற்றுத் தாமதித்தே அனுப்பும் பழக்கம் உடையது. செய்தியின் தலைப்பை ஒரு முறையும் உடலை மறுமுறையும் எழுதுகிற நிரல், இந்த விதிக்கும் அந்தத் தாமதத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். லினக்ஸில் சுமார் 40 மில்லிநொடி வீணாகும். நேகிள் விதியை அணைத்துவிடலாம். கோ மொழி டிசிபி இணைப்புகளில் தானாகவே அப்படிச் செய்கிறது. என்னைக் கேட்டால், முழுச் செய்தியையும் பஃபரில் சேர்த்து ஒரே ஒரு ஃபிளஷ் போடுவதே நேர்த்தி.

படிக்கும் பக்கம் தொல்லை வேறு வகை. டிசிபிக்கு செய்தி என்றால் என்னவென்றே தெரியாது. அது தருவது பைட் ஓட்டம் மட்டும். மூன்று முறை எழுதியது ஒரே படிப்பில் வரலாம், ஒருமுறை எழுதியது மூன்றாகப் பிரிந்தும் வரலாம். தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'வ' மூன்று பைட். 'க்' என்பது ககரமும் புள்ளியுமாக ஆறு. 4096 மூன்றால் வகுபடாது. இடைவெளியே இல்லாத தமிழ் உரையை 4096 பைட்டாக வெட்டிப் படித்தால், 1365 குறிகள் முழுதாக வந்து, அடுத்ததன் முதல் பைட் மட்டும் வாலில் தொங்கும். அதை அங்கேயே எழுத்தாக மாற்ற முயன்றால் கேள்விக்குறிக் கட்டம்தான் மிஞ்சும். மிச்ச பைட்டை அடுத்த படிப்பு வரை வைத்துக்கொள்ள ஓர் உள்ளீட்டு பஃபர் வேண்டும்.

அந்த பஃபரும் விஷமம் செய்யும். ஒரு வரி கேட்டால் நூலகம் கெர்னலிடம் இருந்த மூன்று வரிகளையும் அள்ளிக்கொண்டு, ஒன்றை மட்டும் நம்மிடம் தரும். 'இன்னும் ஏதாவது வந்திருக்கிறதா?' என்று கெர்னலிடம் கேட்டால் இல்லை என்று சொல்லும். அதன் கணக்கில் அது உண்மை. இரண்டு வரிகள் நம்மிடமே கிடக்கின்றன.

இதே மிச்சம் ஒருமுறை பாதுகாப்பு ஓட்டையாகவும் ஆனது. மின்னஞ்சல் சர்வருடன் திறந்த நிலையில் பேசத் தொடங்கி, 'ஸ்டார்ட் டிஎல்எஸ்' என்ற கட்டளையால் மறையாக்கத்துக்கு மாறலாம். இடையில் புகுந்தவர் அந்தக் கட்டளையின் வாலிலேயே தன் கட்டளைகளை ஒட்டி அனுப்பினால், அவை சர்வரின் உள்ளீட்டு பஃபரில் தங்கும். மறையாக்கம் தொடங்கியதும் சர்வர் முதலில் பார்ப்பது அந்த பஃபரைத்தான். திறந்த வெளியில் வந்தவற்றைப் பூட்டிய வழியில் வந்தவையாக நம்பி நிறைவேற்றிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சர்வரில் இருந்த இந்தக் குறையை 2011இல் வெளியிட்டவர், அந்த சர்வரை எழுதிய வீட்சே வெனெமாவேதான். வேறு சில மென்பொருள்களிலும் இதே குறை இருந்தது. தீர்வு எளிது: மறையாக்கத்துக்கு மாறும் கணத்தில் உள்ளீட்டு பஃபரில் இருப்பதை எல்லாம் கொட்டிவிட வேண்டும்.