"லேடீஸ் காலேஜ்தானே" என்று சம்மதிக்கும் பெற்றோருக்கு

மகளை ஒரு வருஷம் அமெரிக்காவுக்கு அனுப்பச் சரி என்று சொல்லும் பெற்றோரில் பாதிப் பேராவது என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இதைச் சொல்லியிருப்பார்கள்: "லேடீஸ் காலேஜ்தானே மேடம், அதனாலதான் துணிஞ்சு சரின்னோம்." ஒரு மகளிர் கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். அதற்கு முன்னால் நானே ஒரு வருஷம் மாசசூசெட்ஸில் பரிமாற்ற மாணவியாகப் படித்தேன். அந்த ஒரு சொல்லை நம்பி அனுப்பப்படும் பெண்கள் அங்கே போய் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரிந்ததால் எழுதுகிறேன்.

நம் பெற்றோர் மனதில் இருக்கும் லேடீஸ் காலேஜுக்கு ஒரு கேட் உண்டு. ஆறு மணிக்கு அது மூடும். அவுட்பாஸ், வார்டன், விசிட்டர்ஸ் நோட்டு எல்லாம் உண்டு. அமெரிக்க மகளிர் கல்லூரியில் இவை கிடையாது. விடுதிச் சாவி அட்டை பெண்ணின் கையில் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. வகுப்பில் ஆண்களும் இருக்கலாம். பிரின் மார் மகளிர் கல்லூரி மாணவிகள் ஆண்களும் படிக்கும் ஹேவர்ஃபோர்ட் கல்லூரியில் பாடம் எடுக்கிறார்கள், வெல்லஸ்லி மாணவிகள் எம்.ஐ.டி.யில். ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் என்ற மகளிர் கல்லூரிகளுக்குப் பக்கத்து ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியிலிருந்தும் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்தும் பஸ் ஏறி மாணவர்கள் வருவார்கள். 2014, 2015 வாக்கில் இந்தக் கல்லூரிகள் திருநங்கை மாணவிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டன. அறிமுகம் செய்துகொள்ளும்போது பேரோடு, தன்னை அவள் என்பதா, அவர் என்பதா, எப்படிக் குறிப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். இதையெல்லாம் புறப்படும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஆகஸ்டில் போனில் கேட்டு அதிர்ச்சி அடையாதீர்கள்.

அந்த நாட்டிலும் ஒரு காலத்தில் கெடுபிடி இருந்ததுதான். மேரி லையன் 1837-இல் 80 பெண்களோடு சவுத் ஹாட்லியில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மவுண்ட் ஹோலியோக். வருஷத்துக்கு 60 டாலர்தான் வாங்கினார். செலவைக் குறைக்க மாணவிகளே சமைத்தார்கள், துவைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் விதி இருந்தது. கவிஞர் எமிலி டிக்கின்சன் 1847-இல் அங்கே சேர்ந்தார். சொந்த ஊர் ஆம்ஹெர்ஸ்ட் பத்து மைல் தூரம்தான்; ஆனாலும் வீட்டு ஏக்கத்தில் கடிதம் கடிதமாக எழுதினார். அடுத்த வருஷமே திரும்பியும் விட்டார். எட்டாயிரம் மைல் தாண்டிப் போகும் நம் பெண்கள் முதல் மாதம் அழுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று சொல்வதற்காகவே இந்தக் கதையை எல்லா பேட்சுக்கும் சொல்கிறேன்.

அழுகையைப் பற்றி எனக்குப் பயமில்லை, அது நின்றுவிடும். பேசாமல் இருப்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

நாம் பெண் பிள்ளைகளை வாய் திறக்காமல் வளர்க்கிறோம். வகுப்பில் கை தூக்கினால் அதிகப்பிரசங்கி. உடம்புக்கு முடியவில்லை என்றால் "சமாளிச்சுக்கோ". அமெரிக்க மகளிர் கல்லூரியில் எல்லா உதவியும் இருக்கிறது, ஆனால் எதுவும் தானாக வராது. அட்வைசர் இருக்கிறார், மருத்துவ நிலையம் இருக்கிறது, எழுத்துப் பயிற்சி மையம் இருக்கிறது. போய்க் கேட்பவளுக்குத்தான் கிடைக்கும். கேட்கத் தெரியாத பெண் எல்லா வசதிக்கும் நடுவில் தனியாக நிற்பாள்.

சில வருஷத்துக்கு முன்னால் போன ஒரு மாணவி பல்கலைக்கழக ரேங்க் வாங்கியவள். ஆறாவது வாரம் அவளுடைய பேராசிரியரிடமிருந்து எச்சரிக்கைக் குறிப்பு வந்தது. எழுத்து வேலை அருமை, வகுப்பில் பங்கேற்பு இல்லை. அந்தப் பாடத்தில் பங்கேற்புக்கு மட்டும் நான்கில் ஒரு பங்கு மதிப்பெண். அது சிலபஸின் முதல் பக்கத்திலேயே இருந்தது, அவளும் படித்திருந்தாள். "மேம், அவங்க பேசிட்டிருக்கும்போது நான் எப்படி நடுவுல பேசறது? மரியாதை இல்லையே" என்றாள். பன்னிரண்டு பேர் மட்டும் உட்காரும் வட்ட மேஜையில் ஆறு வாரம் வாய் மூடி உட்கார்ந்திருப்பவளை அங்கே மரியாதைக்காரி என்று யாரும் நினைக்க மாட்டார்கள். படித்துவிட்டு வரவில்லை என்றுதான் நினைப்பார்கள். ஆபீஸ் அவர்ஸுக்குப் போகச் சொன்னேன். தப்பு செய்தவர்களைக் கூப்பிடும் நேரம் அது என்று அவள் எண்ணியிருந்தாள். மாணவிகள் வந்து உட்கார்ந்து பேசுவதற்கென்றே பேராசிரியர் வாரம் தவறாமல் ஒதுக்கி வைக்கும் நேரம் அது. எங்கள் ஊரில் பேசிப் பழக்கமில்லை, என்ன செய்யலாம் என்று அவள் போய்க் கேட்டாள். அடுத்த வகுப்பிலிருந்து விவாதத்தை நீயே ஒரு கேள்வியோடு தொடங்கு என்று அவர் வழி சொல்லிக் கொடுத்தார். இப்போது புறப்படும் பெண்களுக்கு ஆறு வாரம் வட்ட மேஜை வகுப்பு இங்கேயே நடத்துகிறோம். பேசாதவருக்கு வருகைப்பதிவு கிடையாது.

ஆனர் கோட் என்னும் நேர்மை உறுதிமொழி விஷயத்தில் நல்ல மனசே ஆபத்தாகிவிடும். இந்தக் கல்லூரிகள் பலவற்றில் தேர்வைக் கண்காணிக்க ஆள் நிற்பதில்லை. எந்த நாள் எழுதுவது என்பதைக்கூடச் சில இடங்களில் மாணவியே முடிவு செய்யலாம். அந்த நம்பிக்கைக்கு ஈடாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். நம் ஹாஸ்டலில் ரெக்கார்டு நோட்டைத் தோழிக்குக் கொடுப்பவள் நல்லவள். அங்கே அப்படி லேப் ரிப்போர்ட்டைக் கொடுத்த என் மாணவி ஒருத்தி விசாரணைக்குப் போய் நிற்க வேண்டி வந்தது. வாங்கியவளுக்கு என்ன குற்றமோ கொடுத்தவளுக்கும் அதேதான். எது சேர்ந்து செய்யலாம், எது தனியாகச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு பேராசிரியரிடமும் ஒவ்வொரு வேலைக்கும் கேட்டுவிடுவது நல்லது.

உடம்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு பெண் மூன்று நாள் வயிற்று வலியோடு அறைக்குள்ளேயே கிடந்தாள். பில் எவ்வளவு வருமோ என்ற பயம். வீட்டுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. பக்கத்து அறைப் பெண்தான் கதவைத் தட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். குடல்வால் வீங்கி வெடிக்கும் நிலை. பிழைத்தாள், படிப்பையும் முடித்தாள். கையில் இன்சூரன்ஸ் கார்டை வைத்துக்கொண்டேதான் அந்த மூன்று நாளும் படுத்திருந்தாள் என்பதை நினைத்தால் இன்னமும் எனக்கு மனசு ஆறவில்லை.

பரிமாற்ற மாணவர்களுக்கான ஜே-1 விசாவில் போகும் எல்லோருக்கும் இன்சூரன்ஸ் கட்டாயம். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் வரை அது தாங்க வேண்டும். இன்சூரன்ஸ் பணம் கொடுக்கத் தொடங்கும் முன்னால் நம் கையிலிருந்து போகும் தொகைக்கு டிடக்டிபிள் என்று பெயர். அது 500 டாலருக்கு மேல் போகக்கூடாது. இந்த இரண்டு எண்ணும் தெரிந்திருந்தால் அவள் மூன்று நாள் படுத்திருக்க மாட்டாள். சாதாரணக் காய்ச்சலுக்குக் கேம்பஸ் மருத்துவ நிலையம். அது மூடியிருந்து, உயிருக்கு ஆபத்தில்லை என்றால் அர்ஜென்ட் கேர் என்னும் வெளிக் கிளினிக். எமர்ஜென்சிக்கு நேராகப் போனால் செலவு பல மடங்கு, ஆனால் உண்மையான அவசரத்தில் யோசிக்கவே கூடாது, 911. மனசு தாங்கவில்லை என்றால் எந்த நேரமும் 988. பல்லும் கண்ணாடியும் பெரும்பாலும் இன்சூரன்ஸில் வராது. சொத்தைப் பல் இருந்தால் இங்கேயே அடைத்துக்கொண்டு, உபரியாக ஒரு கண்ணாடியும் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

யாராவது தொந்தரவு கொடுத்தால் யாரிடம் சொல்வது என்பதையும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பாலியல் தொந்தரவு என்று பேராசிரியரிடம் சொன்னால், பெரும்பாலான கல்லூரிகளில் அவர் அதை, பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தின் பெயரால் இயங்கும் டைட்டில் நைன் அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அது நல்லதற்குத்தான். ஆனால் இப்போதைக்கு வெளியே போக வேண்டாம் என்று பெண் நினைத்தால், கல்லூரியின் மனநல ஆலோசகரிடமும் மருத்துவரிடமும் ரகசியமாகப் பேசலாம்.

விசா விதிகளில் தவறுபவர்களும் பெரும்பாலும் கேட்காமல் செய்தவர்கள்தான். கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு பாடத்தைத் தானே விட்டுவிடுவது, முழுநேர மாணவி என்ற நிலையையே பறித்துவிடலாம். நூலகத்தில் வேலை பார்க்கக்கூட முதலில் எழுத்தில் அனுமதி வேண்டும். படிப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது. கனடா போய் நயாகரா பார்த்து வரலாம் என்றால் ஜே-1 விசாவுக்கு ஆதாரமான டி.எஸ்.-2019 படிவத்தில் பயணக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அலுவலகம், சர்வதேச மாணவர் அலுவலகம்; ஒரே மெயில்.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி ஒன்பதரையிலிருந்து பத்தரை மணி நேரம் ஆகும். டிசம்பரில் நாலரைக்கு முன்னாலேயே இருட்டிவிடும். சாயங்காலம் என்றால் கோலம், பூக்காரி, டீக்கடை என்று பழகிய பெண்ணுக்கு அந்த இருட்டு நெஞ்சில் உட்கார்ந்துவிடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதற்கு முன்பே, நவம்பர் கடைசியில், நன்றி நவிலல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறை வந்துவிடும். அறைத்தோழி வீட்டுக்குப் போய்விடுவாள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை லீவு. சில விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள், சாப்பாட்டுக்கூடமும் மூடிவிடும். ஒரு மாணவி "ஃப்ரெண்ட்ஸ்கூட இருக்கேன்மா" என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டு, பத்து நாள் மைக்ரோவேவில் நூடுல்ஸ் செய்து சாப்பிட்டுத் தனியாக இருந்திருக்கிறாள். எனக்கு மார்ச்சில்தான் தெரிந்தது. லீவில் எங்கே தங்குவது என்று அக்டோபரிலேயே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். பண்டிகைக்கு வீட்டுக்கு அழைத்துப்போகும் குடும்பங்களின் பட்டியல் பல கல்லூரிகளில் உண்டு. கூப்பிட்டால் கூச்சப்படாமல் போங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. அங்கே மதிப்பெண்ணும் வருகையும் மாணவியின் சொத்து. 1974-இல் வந்த சட்டப்படி, அவள் எழுதிக் கொடுக்காமல் கல்லூரி உங்களிடம் சொல்லாது. உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. ஒரு அப்பா நடுராத்திரி விழித்திருந்து டீன் அலுவலகத்துக்குப் போன் செய்து, ஒரு விவரமும் கிடைக்காமல் காலையில் கண் சிவந்து என்னிடம் வந்தார். மகள் நன்றாகத்தான் இருந்தாள். அவருக்குத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி அவள்தான். அவளோ மார்க் குறைந்தால் திட்டுவார் என்று இரண்டு வாரமாகப் போனை எடுக்கவில்லை. உங்களிடமே உண்மையைச் சொல்லப் பயப்படும் பெண், மொழி தெரியாத ஊரில் யாரிடம் போய் உதவி கேட்பாள்?

எங்கள் விண்ணப்பப் படிவத்தில் இப்போது ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம்: "உடம்போ மனசோ சரியில்லை என்றால் முதலில் யாரிடம் சொல்வாய்?" ஏறக்குறைய எல்லோரும் அம்மா என்று எழுதுகிறார்கள். அதற்குக் கீழேயே அடுத்த கேள்வி: "அங்கே?" அந்த இடம் எப்போதும் காலியாகத்தான் வரும். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். போகப்போகும் கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, அவருக்கு மெயில் எழுதி, பதில் வாங்கி, பெயரையும் எண்ணையும் நிரப்பிக்கொண்டு வரட்டும். அதற்குப் பிறகுதான் நான் கையெழுத்துப் போடுகிறேன்.