முகத்துவாரத்தைத் தோண்டும் முன் சேற்றுவெளியைப் பாருங்கள்

கடலோர ஊர்களிலிருந்து வரும் மனுக்களில் ஒன்று திரும்பத் திரும்ப வரும்: "முகத்துவாரம் தூர்ந்துபோச்சு, படகு போக முடியல, தோண்டிக் கொடுங்க." பொக்லைன் வரும், தோண்டும், மண்ணை ஓரமாகக் கொட்டிவிட்டுப் போகும். ஓரிரு வருடத்தில் அதே மனு மறுபடியும் வரும். கடலோர அளவைப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பல இடங்களில் நோய் முகத்துவாரத்தில் இருப்பதில்லை. அது சில கிலோமீட்டர் உள்ளே, கடல்நீர் ஏறி இறங்கினாலும் சும்மா கிடக்கிற நிலம் என்று எல்லோரும் நினைக்கும் சேற்றுவெளியில், யாரோ போட்ட கரையில் இருக்கும்.

ஏன் என்று புரிய, வண்டல் எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும். முத்துப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். பாமனியாறு, கோரையாறு, கிளைத்தாங்கியாறு என்று காவிரியின் கடைசிக் கிளைகள் பாக் நீரிணையில் கலக்கும் இடம். அலையாத்திக் காடு, ஆழமில்லாத காயல், சுற்றிலும் பரந்த சேறு. இங்கே ஓதம், அதாவது கடல்நீர் தினமும் இருமுறை ஏறுவதும் (ஏற்றம்) இறங்குவதும் (வற்றம்), ஒரு மீட்டர் உயரத்தைக்கூட எட்டுவதில்லை. குஜராத்தின் பாவ்நகரில் அது 10 மீட்டர் வரை போகும். அதோடு ஒப்பிட்டால் நம்முடையது ஒன்றுமே இல்லைதான். ஆனால் இங்கே தரை அவ்வளவு மட்டமாக இருப்பதால், தண்ணீர் ஒரு சாண் ஏறினாலே வெகுதூரம் உள்ளே போய்விடும். அதே காரணத்தால் ஒரு முழம் உயரக் கரை போதும், முழு வெளியையும் அடைத்துவிடலாம். பெரிய ஓதம் உள்ள கடற்கரை சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும், நம் கரை பொறுக்காது.

ஏற்றத்தில் வரும் நீர் கலங்கலாக வருகிறது. ஓடைகளில் வேகமாக ஓடி, சேற்றுவெளியில் பரவப் பரவ வேகம் குறைகிறது. வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் அதில் மிதக்கும் துகள் இறங்கத் தொடங்கும். நேராக விழாது. இறங்கிக்கொண்டே நீரோடு இன்னும் கொஞ்சம் உள்ளே போய்த்தான் தரையைத் தொடும். அப்புறம் வற்றம் தொடங்குகிறது. படிந்த துகளை மறுபடி கிளப்ப, அது படிந்தபோது இருந்ததைவிடக் கூடுதல் வேகம் தேவை. வற்றும் நீர் அந்த வேகத்தைப் பிடிப்பதற்குள் மேட்டுப் பகுதியில் தண்ணீரே வடிந்திருக்கும். ஆக, உள்ளே வந்ததில் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடுகிறது. சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை இதே கதை. நெதர்லாந்தின் வாடன் கடலில், வெளிக்கடலைவிடக் கரையோர நீரில் வண்டல் அதிகமாக இருப்பது ஏன் என்ற கேள்விக்கு, போஸ்ட்மா, வான் ஸ்ட்ராட்டன் முதலிய ஆய்வாளர்கள் 1950களில் கண்ட விடை இதுதான்.

களிமண்ணுக்கு இது மட்டும் போதாது. 2 மைக்ரான் அளவுள்ள தனிக் களித்துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்கக் கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் இடைவெளியில் நீர் அசையாமல் நிற்பதோ ஒரு மணி நேரம்கூட இருக்காது. கணக்குப்படி களிமண் படியவே கூடாது. படிகிறதென்றால் அதற்கு உப்புதான் காரணம். ஆற்று நீரில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதந்த துகள்கள், கடல்நீர் கலந்ததும் திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும். கொஞ்சம் பெரிய கட்டி என்றால் அரை மணி நேரத்தில் அதே ஒரு மீட்டரை இறங்கிவிடும். ஆறும் கடலும் சேரும் இடத்தில் சேறு குவிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படிந்த சேற்றைப் பிடித்துவைக்க இன்னொரு ஆள் உண்டு. வற்றத்தில் பார்த்தால் சேற்றின் மேல் பழுப்பும் பொன்னிறமுமாக மெல்லிய படலம் தெரியும். டயட்டம் என்னும் நுண்பாசி. அது சுரக்கும் பசை மேல்மண்ணை இறுக்கிப் பிடிக்கும். அதன்மேல் டிராக்டர் ஓட்டினால் அந்தப் பிடிப்பு போய்விடும்.

இது எப்போதும் உள்நோக்கியே நடக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மேட்டுச் சேறு வரை ஏறும். அட்டமி நவமியில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. காயல் ஆழமில்லாததால் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே அடிச்சேறு கலங்கி வற்றத்தோடு வெளியே போகும். புயல் வந்தால் கணக்கே வேறு: 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கக் கரையோரத்தில் கடற்சேறு ஏறிப் படிந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சரி, முகத்துவாரத்துக்கு வருவோம். அலைகள் கரையோரமாக மணலைத் தள்ளிக்கொண்டுவந்து முகத்துவாரத்தில் போட்டுக்கொண்டே இருக்கும். அதை வெளியே துரத்துவது வற்றத்தில் உள்ளிருந்து வரும் நீரின் வேகம். எவ்வளவு நீர் உள்ளே போய் வெளியே வருகிறதோ அதற்கேற்ற அகலமும் ஆழமும்தான் முகத்துவாரத்துக்கு நிலைக்கும். அமெரிக்கப் பொறியாளர் ஓ'பிரையன் 1931-லேயே இந்தத் தொடர்பை எழுதிவிட்டார். ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 100 ஹெக்டேர் சேற்றுவெளி, அதன்மேல் சராசரியாக 30 செ.மீ. நீர் ஏறி இறங்குகிறது. ஒரு ஓதத்துக்கு 3 லட்சம் கன மீட்டர். அந்த வெளியைக் கரை போட்டு இறால் பண்ணையாகவோ மனையாகவோ மாற்றினால், அவ்வளவு நீர் தினமும் இருமுறை முகத்துவாரத்தைக் கழுவுவது நின்றுபோகிறது. மணல் ஜெயிக்கிறது. எத்தனை முறை தோண்டினாலும், உள்ளே நீர் ஏற இடம் எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்கு முகத்துவாரம் திரும்ப மூடிக்கொள்ளும்.

எல்லாப் பழியையும் கரைமேல் போடவும் முடியாது. மேட்டூர் அணை 1934-ல் வந்த பிறகு, முன்பு போல அடித்துக்கொண்டு போகும் வெள்ளம் கடைமடைக்கு வருவது குறைந்தது. துறைமுகத் தடுப்புச் சுவர்கள் கரையோர மணலின் போக்கை மாற்றுகின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது ஊரறிந்த விஷயம். ஆனால் அணையை ஒரு கிராமம் எதுவும் செய்ய முடியாது. தன் எல்லையில் ஓடைக்குக் குறுக்கே வரும் கரையைக் கேள்வி கேட்க முடியும்.

அடைபட்ட சேற்றுக்கு என்ன ஆகும் என்பதைப் பிச்சாவரத்தில் பார்க்கலாம். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய முறைப்படி காட்டைப் பகுதி பகுதியாக வெட்டினார்கள். நிழல் போன தரை காய்ந்து அமுங்கித் தட்டுபோலப் பள்ளமாயிற்று. பெரிய ஓதத்தில் உள்ளே வந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப்போனது. விதை முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதம் போய்வர வழி செய்தபிறகே அங்கே மறுபடி அலையாத்தி வந்தது. முத்துப்பேட்டையில் மீனவர்கள் மீன்பிடிக்க வெட்டிய பழைய வாய்க்கால்களின் ஓரங்களிலும் மரம் நன்றாக வளர்ந்து நிற்கும். அதற்காக வெறும் சேறு கண்ட இடமெல்லாம் கன்று நடுவது சரியில்லை. தாழ்வான சேறு கொசு உள்ளான் போன்ற பறவைக்கும் நண்டுக்கும் உரியது, அங்கே கன்று பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

உயிர்ப்புள்ள சேற்றுவெளிகளைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், 2011-லும் சரி 2019-லும் சரி, மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகையில்தான் வைத்திருக்கின்றன. ஆனால் ஊர்ப் பேச்சில் அது புறம்போக்கு, தரிசு.

உங்கள் ஊரில் ஓடைக்குக் குறுக்கே சாலை வருகிறதென்றால் குழாய்ப்பாலம் உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். குழாயின் அடிமட்டம் ஓடையின் அடிமட்டத்தைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். உயரத்தில் வைத்தால் பெரிய ஓதத்தில் மட்டும் நீர் உள்ளே வரும், வந்தது முழுதாக வெளியேறாது. பிச்சாவரத்துப் பள்ளத்தை நாமே கட்டியதாக ஆகிவிடும். லெவல் எடுக்க வருபவர்கள் ஏற்றத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாமல் வற்றத்தையும் பார்க்கட்டும், முடிந்தால் ஒரு அமாவாசையிலும் ஒரு அட்டமியிலும். வாய்க்கால் தூர்வாரும்போது எடுக்கும் சேற்றைக் கரையோரம் தொடர்ச்சியாகக் குவிப்பது வழக்கம். அது காய்ந்தால் அதுவே ஒரு கரை, பக்கத்துச் சேற்றுக்கு ஓதம் போவதை மறித்துவிடும். நடுநடுவே இடைவெளி விட்டுக் கொட்டச் சொல்லி ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவைக்கலாம்; வேலை தொடங்கியபிறகு சொன்னால் பொக்லைன் ஓட்டுநர் கேட்கமாட்டார்.